மறு: ஒளிப்படப் பிரிவுக்குக் 'காப்பாட்சியர்' என்ற சொல் போதுமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம். ஒளிப்படப் பிரிவின் 'கியூரேட்டர்' (curator) பதவிக்குப் புதிய தமிழ்ச் சொல் ஒன்றை முன்மொழிந்திருந்தேன். அதற்கு வந்த கேள்வி:

> தமிழ்நாடு அரசு அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர் என்பதே பதவிப் பெயர். இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிது எதற்கு?

ஐயா, நியாயமான கேள்வி. கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பேணுபவரை நானும் காப்பாட்சியர் என்றுதான் சொல்வேன். 'கியூரேட்டர்' என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்கும் பேணுதல் என்றே பொருள்.

என் சிக்கல் வேறு. மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்கான தொழில் வழிகாட்டிக்காக, சமகால ஒளிப்படப் பிரிவில் பணியாற்றுபவரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். காக்கும் வேலை அங்கும் உண்டு: காட்சிக்கூடத்தில் வெளிச்சம் 50 லக்ஸ் அளவில் இருக்க வேண்டும்; வண்ணப் படங்களின் அச்சுப் படிகளைக் குளிரறையில் வைக்க வேண்டும். ஆனால் அந்தப் பணியின் உயிர் தேர்வில் இருக்கிறது. வாழும் கலைஞர் ஒருவரின் ஆயிரக்கணக்கான படங்களில் எதை எடுப்பது, எதன் பக்கத்தில் எதை மாட்டுவது? ஜான் ஷார்கோவ்ஸ்கி 1962 முதல் 1991 வரை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஒளிப்படப் பிரிவை நடத்தியவர். டயான் ஆர்பஸ், லீ ஃப்ரீட்லேண்டர், கேரி வினோகிராண்ட் மூவரையும் 1967இல் ஒரே காட்சியில் சேர்த்தார். உலகைத் திருத்துவதற்காக அல்ல, அறிவதற்காகவே இவர்கள் படமெடுக்கிறார்கள் என்பது அவர் வாதம். மூவரையும் அடுத்தடுத்து வைத்ததால் அந்த வாதம் கண்ணுக்குத் தெரிந்தது. இதைக் 'காத்தல்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

'தொகுப்பாளர்' நல்ல மரபுச் சொல். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார் என்றே படிக்கிறோம். இன்றைய மாணவிக்கோ தொலைக்காட்சி நிகழ்ச்சிதான் நினைவுக்கு வரும்.

தோவாளை மாணிக்க மாலையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது புரியும். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை, அவ்வளவுதான். எதற்கு அடுத்து எது என்பதில்தான் மாலை பிறக்கிறது. யாப்பிலும் இந்த உறவுக்குத் 'தொடை' என்றே பெயர். பக்கத்தில் பக்கத்தில் மாட்டிய இரண்டு படங்கள் எதுகையாகவும் நிற்கலாம், முரணாகவும் நிற்கலாம். இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால்தான் முதலில் 'தொடுப்பாளர்' என்றேன். 'தொடுப்பு' என்றால் ஊர்ப்பேச்சில் தகாத உறவு என்று கல்குளம் பக்கத்து அம்மையார் சுட்டிக்காட்டினார். முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். வகுப்பில் பெண்பிள்ளைகள் கூசாமல் சொல்லக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும்.

ஆகவே திருத்திய முன்மொழிவு: தொடுக்குநர். ஓட்டுநர், இயக்குநர் போன்ற அமைப்புத்தான். ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். செயலுக்குத் தொடுக்கை, சேர்க்கை என்பதுபோல. வினையாக வரும்போது 'காட்சியைத் தொடுத்தார்' என்று இயல்பாக எழுதலாம். பதவி வரிசையில் துணைத் தொடுக்குநர், முதுநிலைத் தொடுக்குநர் என்று நீட்டிப் பார்த்தேன், நாக்கு இடறவில்லை. தொல்பொருள், நாணயம், கல்வெட்டுப் பிரிவுகளில் காப்பாட்சியர் அப்படியே இருக்கட்டும்.

'தொடுக்கை' என்ற சொல்லுக்கு நெய்யூர், குளச்சல் பக்கம் வேறு பொருள் ஏதும் வழங்குகிறதா? அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்த ஊர்க்காரர்கள் யாராவது சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து