புதுப்பிப்பு: எண் அழிந்த அந்த மூன்று கோலெட்டுகள்

பழைய பெட்டியில் கிடைத்த, வகை எண் அழிந்துபோன மூன்று கோலெட்டுகள் (லேத், மில்லிங் போன்ற இயந்திரங்களில் வேலைப்பொருளையோ வெட்டும் கருவியையோ இறுக்கிப் பிடிக்கும், நீளவாக்கில் வெட்டு விழுந்த உலோகக் குழல்கள்) என்ன வகை என்று முன்பு கேட்டிருந்தேன். மூன்றும் தெரிந்துவிட்டது. "முதலில் வால் பக்க மரையைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. அவருக்கு மனமார்ந்த நன்றி.

நீளமான இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவினேன். ஒன்றில் வால் பக்கம் வெளியிலேயே மரை. வெர்னியரில் உடல் விட்டம் 31.75 மி.மீ. சரி, 5சி என்ற வகை. இன்னொன்றில் மரை உள்ளே மட்டும், உடல் 24.1 மி.மீ. அது மில்லிங் இயந்திரத்துக்கான ஆர்8 வகை. 5சியில் உள்ளேயும் மரை இருக்கலாம், அதனால் வெளி மரைதான் சரியான அடையாளம். சாவிக்காடி (கோலெட் சுழலாமல் தடுக்கும் நீள்பள்ளம்) இரண்டிலுமே உண்டு, அதை வைத்துப் பிரிக்க முடியாது.

குட்டையானதில்தான் தடுமாறினேன். மரையே இல்லை, வெட்டுகள் இரு முனையிலிருந்தும் மாறி மாறி வந்தன. பார்த்ததும் வெட்டும் கருவியைப் பிடிக்கும் ஈஆர் வகையில் 32 அளவு, அதாவது ஈஆர்32 என்றே முடிவுகட்டிவிட்டேன். அப்புறம் அளந்தால் நீளம் 52, பெரிய விட்டம் 35 மி.மீ. ஈஆர்32 என்றால் 40, 33தான் வரும். கூம்பின் சரிவும் ஈஆரின் 8 டிகிரி அளவுக்கு இல்லை, சரிவு குறைவு என்பது கண்ணுக்கே தெரிந்தது. ஓஇசட்25 என்ற வேறு வகை அது. தயவுசெய்து இதை ஈஆர் நட்டில் போட்டு இறுக்கிப் பார்க்காதீர்கள். கோலெட் உட்காரும் ஹோல்டரின் கூம்பும் கெட்டுப்போகும்.