வாசகசாலை விழா: கொல்லத்துப் பதினாறு பக்கமா, ஆலப்புழைக்காரரின் நாடகமா?

குண்டாறு:
செங்கோட்டையில் நம் வாசகசாலை அக்டோபரில் புத்தக விழா நடத்துகிறது. எந்த நூலை முன்னால் நிறுத்துவது என்று நேற்றுக் கூட்டத்தில் பேச்சு முற்றி, கைகலப்பு ஒன்றுதான் குறை. அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். என் கட்சி ‘தம்பிரான் வணக்கம்’. 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் அச்சான பதினாறு பக்க நூல். இந்தியாவில் தமிழ் எழுத்து கோத்து அச்சடித்து, இன்றைக்கும் பிரதி கிடைக்கிற நூல்களில் இதுதான் மூத்தது. 1554இல் லிஸ்பனில் வந்த தமிழ் நூல் ரோமன் எழுத்தில் இருந்தது. தம்பிரான் வணக்கத்தின் பிரதி ஹார்வர்டில் இருக்கிறது, அச்சான ஊரோ நாம் ரயிலேறி மலை தாண்டினால் வந்துவிடும். இதைக் கொண்டாடாமல் வேறு எதை?

வேணாட்டான்:
அரியது என்பதாலேயே பெரியதாகிவிடுமா அண்ணாச்சி? அது கிறிஸ்தவ ஞானோபதேசப் புத்தகம். போர்ச்சுகீசியத்திலிருந்து பெயர்த்தது, பெயர்த்தவரும் போர்ச்சுக்கல்காரர். அச்சு வரலாறு எழுதுகிறவர்களுக்குப் பொக்கிஷம், சரி. பேப்பர் படிக்க வரும் பீடிக்கடைக்காரருக்கும் பிளஸ் டூ பிள்ளைக்கும் அதில் என்ன இருக்கிறது?

என் ஓட்டு சுந்தரம் பிள்ளைக்கு. 1855இல் ஆலப்புழையில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் தத்துவம் நடத்தினார். கல்வெட்டுகளைத் தேடிப் படித்து வேணாட்டு (பழைய திருவிதாங்கூர்) அரசர்களுக்குக் காலவரிசை கட்டினார். 42 வயதில் போய்விட்டார். 1891இல் வந்த ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் வாழ்த்துப் பாட்டைத்தான் பள்ளிக்கூடத்தில் நாமெல்லாரும் வெயிலில் நின்று பாடினோம். பாடாமல் விட்ட வரிகளும் அதில் உண்டு. ‘கன்னடமுங் களிதெலுங்கும் கவின்மலையாளமும் துளுவும்’ தமிழின் உதரத்தில் பிறந்தவை என்கிறார். என் தங்கை வீட்டுக்காரர் புனலூர் மலையாளி. அவரிடம் இந்த வரியைச் சொன்னேன். “அது நீங்க எழுதினது, அம்மா யாருன்னு நாங்க எழுதலையே” என்றார். ஒரு வரி இரண்டு வீட்டில் இரண்டு விதமாகச் சூடேற்றுகிறது. கொண்டாட வேண்டிய புத்தகம் இப்படித்தான் இருக்க வேண்டும்.

குண்டாறு:
மொழிபெயர்ப்பு என்று என் புத்தகத்தைத் தள்ளுகிறீர்கள். மனோன்மணீயத்தின் கதை எங்கிருந்து வந்தது? லிட்டன் எழுதிய ‘தி சீக்ரெட் வே’ என்ற ஆங்கிலக் கதையிலிருந்து. வெளியூர்க்காரர் என்பதும் நியாயமில்லை. என் நூலைப் பெயர்த்த அன்றீக்கே அன்றீக்கஸ் பாதிரியார் முத்துக்குளித்துறையில் (தூத்துக்குடிக் கடற்கரையில்) அரை நூற்றாண்டு இருந்து, பரதவர்களிடம் பழகித் தமிழ் கற்றவர். நூலின் முகப்பிலேயே ‘தமிழிலே பிறித்தெழுதின’ என்று ஒளிக்காமல் போட்டிருக்கிறார். செய்யுளில் சொன்னால்தான் மதிப்பு என்றிருந்த காலத்தில், ஓலைக்கும் ஏட்டுக்கும் எட்டாத ஆட்களுக்காக உரைநடையில் எழுதினார். எனக்கு அது பெரிய காரியம்.

கொல்லம் கேட்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இங்கே என் அலுவலகத்தில் அந்த நூலில் ‘மலபார்’ என்று இருப்பதால் அது மலையாளத்தின் முதல் நூல் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். மலபார் என்பது அந்தக் காலத்துப் பரங்கியர் தமிழுக்கும் வைத்த பெயர். முழுக்க மலையாளத்தில் அச்சான முதல் நூல் ‘சங்க்ஷேபவேதார்த்தம்’, 1772இல் ரோமில் வந்தது. சண்டையைத் தொடருங்கள்.

பாச்சை உருண்டை:
நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு பேரும் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், பிரதியைப் பற்றி யாரும் பேசவில்லை. என் தாத்தாவிடம் பழைய மனோன்மணீயம் ஒன்று இருந்தது. பத்து வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சிக்கு இரவல் கேட்டார்கள், கொடுத்தேன். மேசையில் விரித்து வைத்து, கிழிந்த முகப்பைச் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். டேப்பை யாரோ உரித்தபோது தாளும் சேர்ந்து வந்துவிட்டது. பதிப்பாண்டு அந்தத் தாளில்தான். என்னிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று இன்றைக்கு எனக்கே தெரியாது. பூ போட்டுக் கும்பிட்டதாகவும் சொன்னார்கள். குங்குமக் கறை இன்னும் இருக்கிறது.

இராமபாணப் பூச்சி தின்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அதற்குத் தெரியாது. பதினெட்டாம் பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்டவர்களும் பக்தியோடுதான் விட்டார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்கள்தான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அவர் எதையும் பந்தலில் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மூலப் பிரதி எதையும் விழாவுக்குக் கொண்டுவராதீர்கள். வேண்டுமென்றால் படம் எடுத்துப் பெரிதாக அச்சடித்து வையுங்கள்.

வேணாட்டான்:
டீச்சர், இதற்குப் பிறகு நான் இரவல் கேட்க மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் பலம். மூலத்தைத் தொட முடியாதென்றால் படிக்கக்கூடிய புத்தகம்தானே மிச்சம்? மனோன்மணீயத்தில் ஒரு காட்சியைப் பிள்ளைகள் நடித்துக் காட்டலாம். அண்ணாச்சி, உங்கள் பதினாறு பக்கத்தை வைத்து என்ன செய்வீர்கள்? விசுவாசப் பிரமாணத்தை நடிப்பீர்களா?

குண்டாறு:
கேலி செய்யுங்கள் தம்பி, பதில் வைத்திருக்கிறேன். அந்த அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. ஓலையில் எழுதியது போலவே ஈயத்தில் வார்த்துவிட்டார்கள். நேற்று ஒரு தாளில் ‘தமபிரான வணககம’ என்று எழுதி எட்டாவது படிக்கும் என் மகளிடம் நீட்டினேன். மூன்று தடவை தடுமாறி, நான்காவது தடவை சரியாகப் படித்துவிட்டு, “இன்னொண்ணு குடு” என்றாள். ‘கொடு’ என்று எழுதினால் அது கொடுவா கோடா என்று முன்பின் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றதும் தானே எழுதி எனக்குச் சோதனை வைக்க ஆரம்பித்தாள். சாப்பாடு ஆறிப்போயிற்று. இதையே ஒரு மேசை போட்டு வைக்கிறேன். பெரிதாக அச்சடித்த ஒரு பக்கம், கையில் பென்சில், புள்ளி வைக்கிறவர் வைக்கட்டும். இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் பதிப்பித்த ‘அடியார் வரலாறு’ யாரிடமாவது இருந்தால் பக்கத்தில் வைக்கலாம். அதே பாதிரியார் 1586இல் அச்சிட்டதுதான்.

வேணாட்டான்:
இதை நேற்றே கூட்டத்தில் சொல்லியிருந்தால் நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்க மாட்டேன். என் ஓட்டு மாறவில்லை. நாடகத்துக்கு ஒரு பக்கம், உங்கள் மேசைக்கு ஒரு பக்கம். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே கூட்டம் நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். தோற்றவர் பந்தல் காசு.

பாச்சை உருண்டை:
எண்ணுங்கள். இரண்டு பக்கத்திலும் டீ கிளாஸைப் புத்தகத்தின் மேல் வைக்கிறவரை நான் எண்ணுகிறேன்.