தாய்லாந்து, அக்டோபர் 4–7: அயுத்தயா, சுகோத்தாய், பிமாய், பனோம் ருங் நான்கு நாளில் முடியுமா?

ஊர்சுற்றி: சனிக்கிழமை (அக். 4) காலை 7 மணிக்கு பாங்காக்கில் இறங்குகிறோம். செவ்வாய் இரவு 11 மணிக்கு சுவர்ணபூமியிலிருந்து திரும்பும் விமானம். நான், அம்மா (62, முழங்கால் வலி உண்டு). கடற்கரை, ஷாப்பிங் வேண்டாம், வரலாற்று இடங்கள் மட்டும் போதும். போட்டு வைத்திருக்கும் திட்டம் இது:

சனி: பாங்காக் அரண்மனை, வாட் போ கோயில். இரவு பஸ்ஸில் சுகோத்தாய்.
ஞாயிறு: சுகோத்தாய். இரவு பஸ்ஸில் கோராட் (பிமாய்க்கு அருகிலுள்ள நகரம்).
திங்கள்: பிமாய், பனோம் ருங் என்ற பழைய கெமர் (கம்போடிய) கோயில்கள் (பனோம் ருங்கில் சூரியன் 15 வாசல் வழியாகத் தெரியும் நாள் என்று படித்தேன்).
செவ்வாய்: அயுத்தயா, பாங்காக் தேசிய அருங்காட்சியகம், விமானம்.

எங்கே இடிக்கும்? தகுவா பா தமிழ்க் கல்வெட்டையும் இதில் சேர்க்க முடியுமா?

கல்தச்சன்: மூன்று இடத்தில் இடிக்கும்.

முதலாவது, செவ்வாய். பாங்காக் தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை. அதைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். காலை 9 முதல் மாலை 4 வரை திறந்திருக்கும், விமான நிலையத்திலிருந்து நேரே போய்விடலாம்.

இரண்டாவது, சுகோத்தாய். பாங்காக்கிலிருந்து 430 கி.மீ. வடக்கே இருக்கிறது, கோராட் வடகிழக்கே. இரண்டு இரவும் பஸ்ஸில் உட்கார்ந்தே போனால் திங்களன்று அம்மாவால் படி ஏற முடியாது. சுகோத்தாயை மனம் வலிக்காமல் விட ஒரு காரணம் இருக்கிறது: 1292 என்று காலம் சொல்லப்படும், சுகோத்தாய் மன்னர் ராம் காம்ஹேங்கின் கல்வெட்டு பாங்காக் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. நான்கு பக்கமும் எழுத்து வெட்டிய தூண். தாய் எழுத்தின் வேர் கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்துக்குப் போகிறது. அதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

மூன்றாவது, விமானம் ஏறும் நாளில் அயுத்தயா. அதை ஞாயிற்றுக்கு நகர்த்தினால் மீதி தானாகச் சரியாகும். அயுத்தயா கோராட் போகும் ரயில் பாதையிலேயே இருக்கிறது.

ரயில்பாதை: பலரும் ஏமாறுவது நிலையத்தில். 2023 ஜனவரி முதல் நெடுந்தூர ரயில்கள் குருங் தெப் அபிவத் (பாங் ஸூ) நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. ஹுவா லம்போங்கில் சாதாரண, புறநகர் ரயில்கள்தான். சீட்டில் எந்த நிலையம் என்று பார்த்துவிட்டு டாக்ஸி ஏறுங்கள். அயுத்தயாவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். மூன்றாம் வகுப்புக்கு முன்பதிவு தேவையில்லை, கவுன்டரில் எடுக்கலாம்.

அயுத்தயா நிலையம் பழைய நகரத் தீவுக்கு வெளியே, பா சாக் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அம்மாவோடு படகு, சைக்கிள் எல்லாம் வேண்டாம். நிலைய வாசலிலேயே மணிக் கணக்கில் துக்-துக் பேசிக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்.

கல்தச்சன்: அயுத்தயாவில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதுவும் மனதில் நிற்காது. நான்கு போதும். வாட் மஹாதாத்: மர வேருக்குள் சிக்கிய புத்தர் தலை இங்கேதான். அந்தத் தலையை விடத் தாழ்ந்து உட்கார்ந்துதான் படம் எடுக்க வேண்டும். அடுத்தே வாட் ராட்சபுரானா, 1424-ல் கட்டியது. இதன் நிலவறையை 1957-ல் திருடர்கள் உடைத்தார்கள். மீட்ட பொன் சாவ் சாம் ப்ரயா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மூன்றாவதாக அங்கே போங்கள். ஞாயிறு என்பதால் திறந்திருக்கும். நிலவறைக்கு இறங்கும் படி செங்குத்து, அம்மா கீழேயே இருக்கட்டும். கடைசியாக வாட் ப்ரா ஸ்ரீ சன்பெட்டின் மூன்று சேதிகள் (ஸ்தூபிகள்). 1767-ல் பர்மியப் படை எரித்த நகரம் என்பது அந்தச் செங்கல் சுவர்களைப் பார்த்தால் சொல்லாமலே புரியும்.

வாட் சாய்வத்தனாராமை (1630) உறுதியாக எண்ண வேண்டாம். அது ஆற்றங்கரையில் இருக்கிறது, அக்டோபரில் சாவ் ப்ரயா ஆறு பெருகும். வெள்ளத் தடுப்புச் சுவரை நிமிர்த்தியிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஊர்சுற்றி: சரி, சுகோத்தாயை எடுத்துவிட்டேன். பனோம் ருங் போக பஸ் உண்டா?

ரயில்பாதை: பக்கத்து ஊரான நாங் ரோங் வரை பஸ் உண்டு. மலைமேல் போக எப்படியும் வண்டி பிடிக்கத்தான் வேண்டும். இருவர் என்பதால் ஞாயிறு மதியம் அயுத்தயாவிலேயே ஓட்டுநரோடு கார் எடுத்து செவ்வாய் மாலை வரை வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள், சுங்கம், ஓட்டுநர் தங்கும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். சண்டை வருவது இந்த மூன்றில்தான்.

ஞாயிறு இரவு கோராட். திங்கள் காலை 8 மணிக்கெல்லாம் பிமாய், 60 கி.மீ. அங்குள்ள அருங்காட்சியகத்தைத் திங்களன்று நம்பிப் போகாதீர்கள், கோயில் மட்டும். 11 மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே முவாங் தாம், இன்னொரு கெமர் கோயில். அதை முதலில் பாருங்கள், பனோம் ருங்குக்கு 8 கி.மீ.தான். 4.30-க்கு மலைமேல். இரவு நாங் ரோங்.

சிற்பப்பித்தன்: 15 வாசல் விஷயம். கோயிலின் அச்சு நேர்கிழக்கு இல்லை, ஏறக்குறைய ஐந்தரை பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. அதனால்தான் சூரிய உதயம் ஏப்ரல், செப்டம்பரிலும், மறைவு மார்ச், அக்டோபரிலும் வாசல்களின் நேர்கோட்டில் வருகிறது. அக்டோபரில் அது 6 முதல் 8 தேதி வாக்கில், மாலையில். சூரியன் மேற்கே இருப்பதால் நீங்கள் கிழக்கு வாசலில் நின்று உள்ளே பார்க்க வேண்டும். நல்ல கூட்டம் வரும், 5.15-க்கே இடம் பிடியுங்கள். மழைக்காலம் முடியாத மாதம், மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. இந்த ஒரு காட்சிக்காக மட்டும் போகிறோம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

மேகம் இருந்தாலும் பார்க்க வேண்டியது கிழக்கு மண்டபத்தின் வாசல் உத்திரக்கல்: பள்ளிகொண்ட பெருமாள், நாபிக் கமலத்தில் பிரம்மா. 1960-களில் களவுபோய் சிகாகோ கலைக்கூடத்தில் இருந்ததை 1988-ல் தாய்லாந்து மீட்டது. அதற்கு மேலேயே பத்துக் கை ஆடல்வல்லான். சிவன் கோயில் வாசலில் இருவரும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறார்கள்.

அம்மாவுக்கு: கிழக்குப் பக்கம் நாகப் பாலம் தாண்டி ஐந்து அடுக்குப் படி ஏற வேண்டும். மேற்கு வாயில் நிறுத்தத்தில் இறங்கினால் ஏற்றம் மிகக் குறைவு. அவரை அங்கே இறக்கிவிட்டு நீங்கள் மட்டும் கிழக்கே வந்து ஏறுங்கள்.

கல்தச்சன்: தகுவா பா கல்வெட்டு வேறு பயணம். அவனி நாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் சொல்லும் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது, தெற்கே அந்தமான் கடல் கரையில் கிடைத்தது. அதற்குப் போகும்போது கிராபி பக்கம் க்லோங் தோமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பதன் கல் என்று தமிழ்ப் பிராமியில் வெட்டிய பொன் உரைகல் கிடைத்த ஊர்.

தமிழ்த் தொடர்பு இந்தமுறையே வேண்டுமென்றால், சனி மாலை பாங்காக்கிலுள்ள ராட்சத ஊஞ்சலையும் அருகிலுள்ள தேவஸ்தானையும் பாருங்கள். 1784-ல் அமைந்த பிராமணக் கோயில். திரியம்பவாய், திரிபவாய் என்று அங்குள்ள பிராமணர்கள் சொல்லும் மார்கழிச் சடங்கின் பெயர் திருவெம்பாவை, திருப்பாவைதான். ஊஞ்சலாட்டம் 1935-லேயே நின்றுவிட்டது, ஓதுவது நிற்கவில்லை.

ஊர்சுற்றி: செவ்வாய் நாங் ரோங்கிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் விமானம் பிடிக்கலாம்?

ரயில்பாதை: காலை 10-க்குக் கிளம்புங்கள். சாலையில் ஐந்தாறு மணி நேரம், பாங்காக் நெரிசலுக்கு இன்னும் ஒன்று. நேரே சுவர்ணபூமிக்கே விடச் சொல்லுங்கள், நகரத்துக்குள் போக வேண்டாம். இன்னொன்று: தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அம்மாவுக்கும் தனியாக. அதற்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.