ஸ்கிர்மியான் விளிம்புக்குப் போய் மறைந்துவிடுகிறது, நிரல் பிழையா? உதவி வேண்டும்

தண்டையார்பேட்டை_மாணவன்:
வணக்கம். எம்எஸ்சி கடைசி செமஸ்டர் புராஜெக்ட்: ஸ்கிர்மியானை, அதாவது காந்தப் படலத்துக்குள் சுழல் வடிவில் உருவாகும் நானோ அளவு காந்த வட்டத்தை, மின்னோட்டத்தால் ஒரு தடத்தில் நகர்த்துவது. பிளாட்டினத்தின் மேல் 1 நானோமீட்டர் கோபால்ட், தணிப்பு (காந்த அசைவை அடக்கும் உராய்வு மாதிரி) 0.3, தடத்தின் அகலம் 100 நானோமீட்டர், மியூமேக்ஸ்3 என்ற காந்த உருவகப்படுத்தல் நிரலில் ஓட்டுகிறேன். மின்னோட்டம் குறைவாக இருந்தால் ஸ்கிர்மியான் சாய்ந்து போய் விளிம்பை ஒட்டியே நகர்கிறது. கூட்டினால் விளிம்பில் மோதுகிறது. வட்டம் திறந்து பிறை மாதிரி ஆகிறது, அப்புறம் தடம் காலி. செல் அளவை (கணக்கிடும் கட்டத்தின் அளவு) 2-லிருந்து 1 நானோமீட்டராகக் குறைத்தும் அதேதான். வண்ணாரப்பேட்டையில் மாமா கடை கம்ப்யூட்டர் கடை மூடிய பிறகுதான் கிடைக்கும். எதை மாற்றிப் பார்க்கலாம், சொல்லுங்கள்.

ராயபுரம்_அக்கா:
தம்பி, நிரலில் கை வைக்காதே. இது ஸ்கிர்மியான் ஹால் விளைவு. வியாசர்பாடி மைதானத்தில் சுழற்றி அடித்த ஃப்ரீ கிக் வளைகிறதே, அப்படித் தள்ளும் திசைக்குக் குறுக்கே ஒரு விசை இதன் மேலும் வரும். காரணம் அதன் இடவியல் எண், அதாவது உள்ளே காந்தத் திசை எத்தனை முறை, எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று சொல்லும் எண். 2017-இல் இதை ஆய்வகத்தில் நேரடியாகப் படம்பிடித்தே காட்டிவிட்டார்கள். விளிம்பு கொஞ்சம் எதிர்த்துத் தள்ளும், அதனால்தான் குறைந்த மின்னோட்டத்தில் பிழைக்கிறது.

உறுதிப்படுத்த ஒரு சோதனை: எல்லாச் சுழல்களையும் (ஸ்பின், அதாவது ஒவ்வொரு செல்லின் காந்தத் திசை) தலைகீழாக்கு, மற்ற எதையும் தொடாதே. முன்னேறும் திசை மாறக் கூடாது, சாயும் பக்கம் மட்டும் மாற வேண்டும்.

தண்டையார்பேட்டை_மாணவன்:
ஓட்டிப் பார்த்தேன் அக்கா, அப்படியே எதிர்ப்பக்கம் போகிறது! ரொம்ப நன்றி. நேராக ஓட வைக்க வழி உண்டா? தணிப்பைக் கூட்டட்டுமா?

ராயபுரம்_அக்கா:
கூட்டினால் சாய்வு குறையும், கூடவே வேகமும் போய்விடும். எனக்கு அந்த வழி பிடிக்காது.

எண்ணூர்_ஆய்வாளர்:
இரண்டு கோபால்ட் படுகைகளை, நடுவில் மெல்லிய ருத்தேனியம் வைத்து, எதிர்க்காந்தமாக, அதாவது இரண்டின் காந்தத் திசையும் எதிரெதிராக இருக்கும்படி, பிணையுங்கள். மேலும் கீழும் இடவியல் எண் எதிரெதிர்க் குறியில் இருப்பதால் குறுக்கு விசைகள் ஒன்றையொன்று அடித்துவிடும். இத்தகைய அடுக்குகளில் வினாடிக்கு 900 மீட்டர் வரை வேகம் கிடைத்ததாக 2024-இல் ஒரு சோதனை வெளியானது. ஆனால் இரண்டு படுகைகளின் காந்தமாக்கமும் தடிமனும் சமமாக இருக்கட்டும். வித்தியாசம் இருந்தால் மிச்சச் சாய்வு தெரியும்.

தண்டையார்பேட்டை_மாணவன்:
சார், மின்னோட்ட விசையைக் கீழ்ப்படுகைக்கு மட்டும் கொடுத்தால் போதுமா?

எண்ணூர்_ஆய்வாளர்:
போதும், மேலே இருப்பது இழுபட்டு வரும். ஒரு எல்லைக்கு மேல் கூட்டினால் பிணைப்பு தாங்காது, இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பிரியும். குறைந்த மதிப்பிலிருந்து படிப்படியாக ஏற்றி, இரண்டு மையங்களுக்கு இடையிலான தூரத்தை ஒவ்வொரு படியிலும் குறித்துக்கொள்ளுங்கள். பிரியும் இடம் அந்த வரைபடத்திலேயே தெரிந்துவிடும். புராஜெக்டுக்கு நல்ல படமும் அதுதான்.