மறுமொழி: ‘எளிதணுகல்’ என்னும் ஒரே சொல் போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆடாசிட்டி ஒலித்தொகுப்பு மென்பொருளின் உதவிப் பக்கங்களுக்குச் சொல் தேடும் இந்த இழையில், யூசபிலிட்டி (பயன்படுத்த எளிதாக இருப்பது), ஆக்சசிபிலிட்டி (மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லாராலும் அணுக முடிவது) ஆகிய இரண்டையும் ‘எளிதணுகல்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கலாம் என்று முன்மொழியப்பட்டிருப்பதையும், அதற்கு வரவேற்பு இருப்பதையும் படித்தேன். அழகான சொல்தான். ஆயினும், ஒலித்தொகுப்பில் இவ்விரு பண்புகளும் ஒன்றை ஒன்று விட்டுப் பிரியும் இடங்கள் உள்ளன என்பதால், இச்சொல்லை ஏற்க என்னால் இயலவில்லை.

அப்படிப் பிரியும் இடத்தை ஆடாசிட்டியிலேயே காட்டலாம். 2.3.3 பதிப்பில், அதுவரை ஒன்றாக இருந்த ஈக்வலைசர் (ஒலியின் வெவ்வேறு அலைவெண்களைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கருவி) இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றில் அலைவெண் வரைபடத்தின்மேல் புள்ளிகளை வைத்துச் சுட்டியால் இழுத்து வளைகோடு வரைய வேண்டும். மற்றொன்றில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை 31 ஸ்லைடர்கள் வரிசையாக நிற்கும். கண் பார்வை உள்ளவருக்கு வளைகோடு மிக எளிது: இரைச்சல் மிகுந்த பகுதியைப் பிடித்துக் கீழே இழுத்தால் வேலை முடிந்தது. அதே வளைகோடு, திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானின் துணையோடு விசைப்பலகையில் மட்டும் வேலை செய்பவருக்கு முற்றிலும் மூடிய கதவு. ஸ்லைடர் வரிசையோ அவருக்குத் திறந்திருக்கிறது, ஒவ்வொரு ஸ்லைடரையும் விசையால் அடைந்து ஏற்றவும் இறக்கவும் முடியும். ஆனால் கடைசி ஸ்லைடரை எட்டுவதற்குள் டேப் விசையை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். முதலாவது எளிது, ஆனால் எல்லாராலும் அணுக முடியாதது. இரண்டாவது அணுகத்தக்கது, ஆனால் எளிதன்று. ‘இக்கருவியில் எளிதணுகல் உண்டா?’ என்று ஒருவர் கேட்டால், இவ்விரண்டில் எதற்கும் நேர்மையான விடை சொல்ல இயலாது.

ஒரே சொல் போதும் என்பவர்களின் வாதத்தில் வலுவான பகுதி ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது முறையன்று. நன்றாக வடிவமைத்த இடங்களில் இரண்டும் ஒன்றாகவே வந்துசேரும். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது சதுர அடைப்புக்குறி விசையை அழுத்தினால் தேர்ந்தெடுக்கும் பகுதியின் தொடக்கமும், வலது அடைப்புக்குறியை அழுத்தினால் அதன் முடிவும் அமைகின்றன. உரைப்பதிவில் ஓர் இருமல் விழுந்திருந்தால், அதன் இருபுறமும் இவ்வாறு குறித்துக்கொண்டு ‘சி’ விசையை அழுத்தினால், அப்பகுதியை விட்டுவிட்டு அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒலி மட்டும் ஒலிக்கும். வெட்டினால் எப்படிக் கேட்கும் என்பதை வெட்டுவதற்கு முன்பே செவியால் சரிபார்த்துக்கொள்ளலாம். அலைவடிவத்தை ஒருமுறைகூடப் பார்க்கத் தேவையில்லை, பார்வையுள்ளவர்களும் பழகிவிட்டால் இந்த வழியை விடமாட்டார்கள். என் பார்வையில், ஒலிக்கு உரிய இயல்பான தொகுப்பு முறையே இதுதான். ஆனால் இரண்டும் கூடிவரும் இடத்தைப் பாராட்டுவதற்கும், கூடாத இடத்தைச் சுட்டிக்காட்டுவதற்கும் தனித்தனிச் சொற்கள்தாம் உதவும்.

சட்டத்தின் நோக்கிலும் வேறுபாடு பெரிது. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அணுகல்தன்மையை அரசின் கடமைகளுள் ஒன்றாக வைக்கிறது. அதன் 42ஆம் பிரிவு தகவல், தொடர்பாடல் தொழில்நுட்பத்தைப் பற்றியே பேசுகிறது. உரிமையாகக் கேட்க வேண்டிய ஒன்றை ‘எளிது’ என்ற சொல்லுக்குள் வைத்தால், அது வசதி செய்துகொடுப்பதாக, முடிந்தால் செய்யலாம் என்னும் அளவுக்குச் சுருங்கிவிடும் என்று அஞ்சுகிறேன்.

ஆகவே ஆக்சசிபிலிட்டிக்கு, ஏற்கெனவே பரவலாக வழங்கும் ‘அணுகல்தன்மை’யையே வைத்துக்கொள்வோம். அணுகத்தக்க, அணுகவியலாத என்று பெயரடைகளும் இயல்பாகக் கிடைக்கின்றன. யூசபிலிட்டிக்குத்தான் சொல் தேவை. ‘கையாள்மை’ என்ற முன்மொழிவு சுருக்கமானது; எனினும் ‘கையாள்’ என்றால் பிறர் ஏவலுக்கு இயங்கும் அடியாள் என்ற பொருள் தமிழில் ஆழமாக வேரூன்றிவிட்டது. ‘பயன்பாட்டெளிமை’ தெளிவான சொல், நீளம்தான் குறை. நான் முன்வைப்பது ‘புழங்கெளிமை’. அன்றாடம் கையில் எடுக்கும் பாத்திரத்தைப் புழங்கும் பாத்திரம் என்கிறோம். ஒரு கருவி கைக்குப் பழகி, தடையில்லாமல் வேலைக்கு உதவுவதை அவ்வினை நன்றாகச் சுட்டுகிறது. ‘புழங்க எளிதான’, ‘புழங்கக் கடினமான’ என்று விரித்தும் எழுதலாம்.

சொல் நீளக்கூடாது என்று நான் வலியுறுத்துவதற்கு ஒலித்தொகுப்புக்கே உரிய காரணம் உண்டு. கடிதம் தட்டச்சிடும்போது திரைவாசிப்பானின் குரல் மட்டுமே காதில் விழும். ஒலியைத் தொகுக்கும்போதோ, அக்குரலும் தொகுக்கப்படும் ஒலியும் ஒரே ஹெட்போனுக்குள் வந்து மோதுகின்றன. பட்டியிலும் (மெனு) உரையாடல் பெட்டியிலும் நாம் வைக்கும் ஒவ்வொரு நீண்ட சொல்லும், திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் கேட்க விரும்பும் ஒலியின் ஒரு பகுதியை மறைக்கிறது. இதே காரணத்தால், ‘ஒலி’யும் ‘ஒளி’யும் போலச் செவியில் குழம்பக்கூடிய இணைகளையும் தவிர்க்க வேண்டும், எழுத்தில் பார்த்து மட்டும் கலைச்சொல்லை முடிவு செய்வது இத்துறைக்குப் பொருந்தாது.

எனவே, என்விடிஏ போன்ற திரைவாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்தும் உறுப்பினர்கள், ‘புழங்கெளிமை’, ‘பயன்பாட்டெளிமை’ ஆகிய இரண்டையும் தாங்கள் வழக்கமாகக் கேட்கும் வேகத்திலேயே, பின்னணியில் ஒரு பதிவை ஓடவிட்டுக் கேட்டு, எது தெளிவாகக் காதில் விழுகிறது என்று இந்த இழையில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். அவர்கள் ‘பயன்பாட்டெளிமை’யைத் தேர்ந்தாலும் எனக்கு முழு உடன்பாடே. சொல்லடைவில் இரண்டு பதிவுகளுக்கும் எடுத்துக்காட்டாக மேற்சொன்ன இரு ஈக்வலைசர்களையும் சேர்க்கலாம். அதற்கான வரிகளை எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்.