24 மணி நேரக் கிடங்கு: 5 ஃபோர்க்லிஃப்ட்டுக்கு 18 ஓட்டுநர் போதுமா?

கேள்வி: ஷிஃப்ட் சூப்பர்வைசர், டர்பன்

வணக்கம். டர்பன் துறைமுகத்தை ஒட்டிய குளிர்பதனக் கிடங்கு. வாரம் 7 நாளும் இரவு பகலாக 5 ஃபோர்க்லிஃப்ட் ஓட வேண்டும். உரிமம் உள்ள ஓட்டுநர்கள் 18 பேர். மேலிடத்தின் கணக்கு இது: வாரத்துக்கு 168 மணி, ஆளுக்கு 45 மணி, ஆக ஒரு வண்டிக்கு 3.73 பேர், ஐந்துக்கும் சேர்த்து 19 பேர். ஒரு ஆள்தானே குறைகிறது, ஓவர்டைமில் சரிக்கட்டுங்கள் என்கிறார்கள். ஆனால் ஓவர்டைம் எந்த வாரமும் குறைவதில்லை. திங்கட்கிழமை லீவு கூடிக்கொண்டே போகிறது, லாரிகள் வாசலில் காத்துக் கிடக்கின்றன. ஆள் கேட்கப் போகும்போது எந்தக் கணக்கை முன்வைக்கலாம்? ஏஜென்சி ஆட்கள் மலிவு என்ற பேச்சும் அடிபடுகிறது.

பதில் 1: மனிதவளத் திட்டம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, 52 வாரமும் எல்லோரும் தவறாமல் வருவார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

வாரம் 5 நாள் என்றால் ஆண்டுக்கு 260 நாள். அதில் ஆண்டு விடுப்பு 15 வேலை நாள், பொது விடுமுறை 12, நோய் விடுப்பு சுமார் 6, பயிற்சி 3 கழியும். மிஞ்சுவது 224 நாள். நோய் விடுப்பு எண்ணை மட்டும் உங்கள் சொந்த வருகைப் பதிவிலிருந்து எடுங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டம் தருவது 36 மாதத்துக்கு 30 நாள். நாளுக்கு 9 மணி என்றால் ஒருவர் தரும் உழைப்பு 2016 மணி. ஒரு வண்டிக்குத் தேவை 8760 மணி. வகுத்தால் 4.35. ஐந்து வண்டிக்கு 22 பேர்.

இப்போதுள்ள 18 பேரை வைத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 7512 மணி குறைகிறது. அதாவது ஆளுக்கு வாரம் 8 மணி ஓவர்டைம். 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம் விதிக்கும் உச்சம் வாரம் 10 மணி, அதுவும் தொழிலாளி சம்மதித்தால்தான். இரண்டு பேர் வேலையை விட்டால் அந்த 8 மணி ஏறத்தாழ 14 ஆகிவிடும். அப்புறம் சட்டப்படி ஷிஃப்ட்டை நிரப்ப வழியே இல்லை.

செலவையும் பாருங்கள். 7512 மணிக்கு ஒன்றரை மடங்கு கூலி என்றால் 11,268 மணிக் கூலி. நான்கு பேரைப் புதிதாக எடுத்தால் விடுப்பையும் சேர்த்து 9,360 மணிக் கூலி. மேலிடத்திடம் முதலில் இந்த இரண்டு எண்களையும் வையுங்கள். மருத்துவக் காப்பு, சீருடை போன்ற துணைச் செலவுகள் கூலியில் 20 விழுக்காட்டைத் தாண்டாதவரை ஆள் எடுப்பதே மலிவு.

பதில் 2: ஷிஃப்ட் அட்டவணை போடுபவர், ஜோகன்னஸ்பர்க்

அண்ணன் போட்டது சரி. ஆனால் நீங்கள் 8 மணி ஷிஃப்ட் மூன்று ஓட்டினால் ஆளுக்கு 1792 மணிதான் கிடைக்கும். அப்போது ஒரு வண்டிக்கு 4.89, ஐந்துக்கு 24.4. சாப்பாட்டு இடைவேளையில் வண்டி நிற்கவே கூடாது என்றால் மாற்று ஓட்டுநர் கணக்கு இன்னும் ஒன்றரை ஆள். அரை மணி நிறுத்தினால் பரவாயில்லை என்றால் அது வேண்டாம். சரக்குப் போக்குவரத்துத் துறையின் பேரப் பேச்சு மன்ற (முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேசும் அமைப்பு) ஒப்பந்தம் உங்கள் இடத்துக்குப் பொருந்தினால் சட்டத்தின் எண்களுக்குப் பதிலாக அதன் எண்களைப் போடுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவர்களையும் எண்ணுங்கள். விளம்பரம், நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, உரிமச் சரிபார்ப்பு, கூட நின்று பழகுவது எல்லாம் சேர்ந்து 8 வாரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4 பேர் போனால் 32 வாரம் இடம் காலி. அதுவே 0.6 ஆள். ராஜினாமா கடிதம் வந்த பிறகு தேட ஆரம்பிப்பதால்தான் இந்தப் பள்ளம் மூடுவதே இல்லை. உரிமம் காலாவதியாகும் தேதிகளையும் ஒரே பட்டியலில் வையுங்கள். ஒரே மாதத்தில் மூன்று பேருக்கு முடிந்தால் ஆள் இருந்தும் வண்டி ஓடாது.

பதில் 3: தொழிலுறவு ஆலோசனை, சாட்ஸ்வொர்த்

ஏஜென்சி மலிவு என்பதை நம்பி இறங்காதீர்கள். அரசு நிர்ணயித்த வருமான வரம்புக்குக் கீழே உள்ள ஏஜென்சி ஆள் ஒருவர் உங்களிடம் 3 மாதத்தைத் தாண்டிவிட்டால், தொழிலுறவுச் சட்டத்தின் 198ஏ பிரிவின்படி அந்தச் சட்டத்தின் பார்வையில் அவர் உங்கள் நிறுவனத்தின் ஊழியர். அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல் இதை உறுதி செய்துவிட்டது. அதே வேலை செய்யும் உங்கள் ஆட்களைவிட அவரைக் குறைவாக நடத்தவும் முடியாது. டிசம்பர் நெரிசலுக்கு மட்டும் என்றால் காரணத்தை எழுத்தில் காட்டி, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுக்கலாம்.

திங்கட்கிழமை லீவுக்கு ஆளைத் திட்டிப் பயனில்லை. வாரக் கடைசியில் ஓவர்டைம் வாங்கினால் திங்கள் உடம்பு படுத்துவிடும், அந்த ஓட்டையை அடைக்க மறுபடி ஓவர்டைம். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல், அல்லது எட்டு வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் வராவிட்டால்தான் மருத்துவச் சான்று கேட்க முடியும். அதனால் கெடுபிடியால் இது நிற்காது. ஆள் சேர்த்தால்தான் நிற்கும்.

ஒவ்வொரு பண்டிகைக்கும் விடுப்பு ஒரே வாரத்தில் குவியும்: புரட்டாசிச் சனி, தீபாவளி, தைப்பூசக் காவடி, ஈஸ்டரில் இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழா. தீபாவளி இங்கே பொது விடுமுறை இல்லை. ஆனால் பொது விடுமுறைச் சட்டப்படி இருதரப்பும் ஒத்துக்கொண்டால் ஒரு விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஜனவரியிலேயே விருப்பப் பட்டியல் வாங்கி, ஒரு ஷிஃப்ட்டில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் போகலாம் என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.