எல்லைச் செலவு, எல்லை, எல்லைகள்: முதலாம் வருடக் கையேட்டுக்கு ஒரு சொல் தேவை

பம்பைமடுவிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். முகாமைத்துவ முதலாம் வருடத்தாருக்கான நுண்கணிதத் துணைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். விரிவுரை ஆங்கிலத்தில். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவைத் தமிழில் படித்து, இணைந்த கணிதம் தொடாமல் வருபவர்களுக்கானது இந்தக் கையேடு. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரி இடிக்கிறது:

"எல்லைச் செலவு என்பது, உற்பத்தி மாற்றம் பூச்சியத்தை அணுகும்போது, செலவு மாற்றத்தை உற்பத்தி மாற்றத்தால் வகுத்து வரும் விகிதத்தின் எல்லை."

ஒரே வரியில் இரண்டு எல்லை, இரண்டும் வேறு: முதலாவது பொருளியலின் 'மார்ஜினல்', அதாவது உற்பத்தி சற்றுக் கூடும்போது செலவு கூடும் வீதம்; இரண்டாவது கணிதத்தின் 'லிமிட்', அதாவது ஒரு பெறுமானம் நெருங்கிச் செல்லும் இடம். ஏழாம் அத்தியாயத்தில் நுகர்வோர் மிகை (வாங்குபவர் கொடுக்கத் தயாராக இருந்ததற்கும் உண்மையில் கொடுத்ததற்குமான வித்தியாசம்) காணும்போது தொகையீட்டின் எல்லைகள் (பரப்பு தொடங்கி முடியும் இரு முனைகள்) என்று மூன்றாவதும் வந்துவிடுகிறது.

குழப்பம் விடையிலேயே தெரியும். பயிற்சி ஓர் அரிசி ஆலை பற்றியது. அ என்பது மூடைகளின் எண்ணிக்கை, பணம் நூறு ரூபாக்களில். செலவு 500 + 20அ + 0.5அ². விலை 140 − அ. ஆகவே வருமானம் 140அ − அ². எல்லை வருமானம் 140 − 2அ, எல்லைச் செலவு 20 + அ. இரண்டையும் சமப்படுத்தினால் அ = 40, இலாபம் 1900. இலாபத்தின் இரண்டாம் பெறுதி (பெறுதி என்பது மாறும் வீதம்; அந்த வீதம் மாறும் வீதம் இரண்டாம் பெறுதி) −3, எனவே இது உயர்வுதான். 'எல்லை வருமானம்' என்பதை 'வருமானம் எட்டக்கூடிய உச்சம்' என்று விளங்கிக்கொள்பவர் 140 − 2அ = 0 என்று போட்டு 70 மூடை என்பார். அங்கே இலாபம் 550 தான்.

மாற்றுச் சொல் சொல்லுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து

தமிழகப் பாடநூல்களில் 'இறுதிநிலைச் செலவு' பல காலமாக இருக்கிறதே, சேர். அங்கேயும் கணித எல்லை எல்லைதான். பொருளியலில் இறுதிநிலை என்பதால் மோதல் இல்லை. 1871இல் ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் எழுதியதும் பயன்பாட்டின் 'இறுதிப் படி' என்றுதான். எடுத்தாளுவதில் என்ன தடை?

முள்ளியவளையிலிருந்து

தடை எண்ணிலேயே இருக்கிறது. மேலே உள்ள ஆலையையே எடுங்கள். 39 மூடைக்குச் செலவு 2040.5, 40க்கு 2100, 41க்கு 2160.5. இறுதியாக வந்த 40ஆவது மூடையின் செலவு 59.5. அடுத்து வரும் 41ஆவதன் செலவு 60.5. பெறுதி சொல்வது 60. 'இறுதி' என்றால் மாணவர் 59.5 எழுதுவார், 'அடுத்த அலகுச் செலவு' என்றால் 60.5 எழுதுவார். பெறுதி இரண்டுமல்ல, அந்தப் புள்ளியில் தொடலியின் படித்திறன், அதாவது வளையியைத் தொட்டுச் செல்லும் கோட்டின் சாய்வு. இங்கே வித்தியாசம் மூடைக்கு ஐம்பது ரூபாதான். ஆனால் அலகு பெரிதாகி வளையியும் செங்குத்தாகும்போது விடை பிழைத்துவிடும். உயர்தரத்தில் ஓரலகு கூட்டிக் கழித்துப் பழகியவர்களுக்கு இந்த இடம்தான் முதலில் விளங்க வேண்டும். சொல்லே அதை மறைக்கக் கூடாது.

மாங்குளத்திலிருந்து

விளிம்பு என்று வையுங்கள். விளிம்புச் செலவு, விளிம்பு வருமானம். தூய தமிழ், நுண்கணிதத்தில் வேறு பொருள் அதற்கு இல்லை.

எல்லை என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'எல்லே இலக்கம்' என்கிறது தொல்காப்பியம். எல் என்றால் ஒளி. பழைய பாடல்களில் எல்லை என்பதற்குப் பகல் என்றும் பொருளுண்டு. பகல் ஓடிச் சென்று முடியும் இடமே பிறகு நிலத்துக்கும் எல்லையாயிற்று என்பது என் துணிபு. ஒன்றை நோக்கி ஓடிக்கொண்டே இருத்தல் என்ற கருத்து அதற்குள் இருப்பதால், கணித எல்லைக்கே அது உரியது. செலவும் அப்படித்தான்: அகப்பாடல்களில் செலவு என்றால் பயணம், தலைவன் போகாமல் நின்றால் அது செலவழுங்கல். பணம் கையை விட்டுப் போவதால்...

நெடுங்கேணியிலிருந்து

ஐயா, செலவழுங்கலை இன்னொரு நாளைக்கு வைப்போம். விளிம்பு என்றதும் பிள்ளைகளுக்கு விளிம்புநிலை மக்கள்தான் நினைவில் வரும். உயர்தரப் பொருளியல் வினாத்தாளில் எல்லைப் பயன்பாடு, எல்லைச் செலவு என்றுதான் இருக்கிறது. அதை எழுதிச் சித்தியடைந்து வருபவர்களுக்கு முதல் மாதத்திலேயே அந்தச் சொல்லைப் பறித்தால், தெரிந்த ஒன்றும் தெரியாததாகிவிடும். புதுச்சொல் தேவைப்படுவது கணிதப் பக்கத்துக்கு. அதுதான் அவர்களுக்குப் புதிய பாடம்.

முருங்கனிலிருந்து

நெடுங்கேணி மிஸ் சொல்வதற்கு வலு சேர்க்க ஒன்று. ஜேர்மன் மொழியிலும் இதே நெருக்கடி இருக்கிறது. ஆஸ்திரியப் பொருளியலாளர் வீசர் 1884இல் எல்லைப் பயனுக்கு 'கிரென்ஸ்நுட்சன்' என்று எழுதினார். கிரென்ஸ என்றால் நாட்டெல்லை. எல்லைச் செலவு அங்கே கிரென்ஸ்கோஸ்டன். கணித எல்லையோ கிரென்ஸ்வேர்ட், அதாவது எல்லைப் பெறுமானம். ஒட்டுச் சொல் ஒன்றுதான் இரண்டையும் பிரிக்கிறது. நாங்களும் கணிதத்தில் எல்லையைத் தனியே நிற்க விடாமல் எல்லைப் பெறுமானம் என்று எழுதலாம். தொகையீட்டுக்குக் கீழ் வரம்பு, மேல் வரம்பு. வயலில் இரண்டு வரம்புக்கு நடுவே கிடக்கும் நிலம்போல, 0க்கும் 40க்கும் இடையில் கேள்வி வளையியின் கீழுள்ள பரப்பு 4800. அதில் 40 மூடைக்கு விலையாகக் கொடுத்த 4000ஐக் கழித்தால் நுகர்வோர் மிகை 800.

முள்ளியவளையிலிருந்து

வரம்பில் எனக்கு உடன்பாடில்லை. 'வரம்புடைய சார்பு' (பெறுமானம் ஒரு குறித்த அளவைத் தாண்டாத சார்பு) என்று ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது. ஓர் ஓட்டையை அடைத்து இன்னொன்றைத் திறக்கிறோம்.

பம்பைமடுவிலிருந்து

வரம்புடைய சார்பு இந்தக் கையேட்டில் வரவில்லை, எனவே வரம்பு இருக்கட்டும். பெரும்பான்மை நெடுங்கேணி, முருங்கன் பக்கம். அந்த வரி இனி: "எல்லைச் செலவு என்பது இந்த விகிதத்தின் எல்லைப் பெறுமானம், அதாவது செலவுச் சார்பின் பெறுதி." அதன் கீழே 59.5, 60, 60.5 மூன்றும் அட்டவணையாக வரும்.

தட்டச்சுச் செய்பவர்கள் கவனிக்க: 'எல்லை' என்று தேடி ஒட்டுமொத்தமாக மாற்ற வேண்டாம். எல்லைச் செலவும் எல்லை வருமானமும் அதில் அகப்பட்டுவிடும். எல்லையை, எல்லைக்கு, எல்லையில் என்று உருபேற்ற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கவும்.

மாங்குளத்திலிருந்து

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சொல்லடைவில் எல்லைச் செலவுக்குப் பக்கத்தில் 'விளிம்புச் செலவு என்றும் வழங்கலாம்' என்று ஒரு வரி போடுங்கள். இறுதிநிலையும் அங்கே வரட்டும், தமிழகப் புத்தகம் எடுப்பவர்களுக்கு உதவும்.